ரியூசன் கொட்டிலில் மூடியுள்ள ஒரு வாளி வைக்க எவ்வளவு செலவாகும்?

கொக்குவில் அம்மா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மகள் தரம் 9. போன வருடம் பெரியபிள்ளையானாள். சடங்கெல்லாம் செய்து முடித்தாயிற்று, அதைப் பற்றி எழுத வரவில்லை.

மாதவிடாய் நாட்களில் காலையில் வீட்டில் வைத்த நப்கினோடுதான் மாலை ஆறரைக்கு வீடு திரும்புகிறாள். பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. இரண்டேகாலுக்கு ரியூசன், அது முடிய ஆறு மணி. கொடுத்துவிடும் தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே திரும்பி வரும். ஏன் பிள்ளை குடிக்கவில்லை என்று கேட்டால், குடித்தால் போகவேண்டி வரும் என்கிறாள். பாடசாலைக் கழிப்பறையில் கழற்றியதைப் போட இடமில்லை. ரியூசனில் பெடியளுக்கும் பெட்டைகளுக்கும் சேர்த்து ஒன்று, அதற்குக் கொளுக்கி இல்லை. ஒரு தோழி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்கவேண்டுமாம்.

போன மாதம் சலக்கடுப்பு வந்து காய்ச்சலில் கிடந்தாள். மருந்து எடுத்து மாறிவிட்டது. டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி குடிக்கிறதில்லையா?"

மற்றப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ரியூசனை நிறுத்து என்று மட்டும் யாரும் எழுதவேண்டாம். ஓஎல் சோதனை வருகிறது, நானும் இந்த ஊரில்தான் இருக்கிறேன்.

சுன்னாகம் ரீச்சர்

உங்கள் மகள் மட்டுமல்ல. நான் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன். புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது, படம் போட்டுக்கூட இருக்கிறது. பிள்ளைகள் சோதனையில் நன்றாகவே எழுதுகிறார்கள். கருப்பை உட்சுவர் ஏன் உரிகிறது என்று கேட்டால் சொல்லத் தெரிந்த பிள்ளை, அன்றைக்கு மூன்றாம் பாடத்தில் கேள்விக்கு எழுந்து நிற்கமாட்டாள். எங்கள் சீருடை முழு வெள்ளை. அதை யோசித்தவர்கள் யார் என்று தெரியவில்லை, பெண்பிள்ளைகளைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

எங்கள் பாடசாலையில் ஒரு அலுமாரியில் அவசரத்துக்கு நப்கின் வைத்திருந்தோம். திறப்பு ஒரு ஆசிரியையிடம். ஒரு தவணை முழுக்க ஒருவரும் கேட்கவில்லை. சரி, தேவையில்லைப் போல என்று விடப் பார்த்தார்கள். திறப்பை மூத்த மாணவத் தலைவி ஒருத்தியிடம் கொடுத்ததும் பெட்டி காலியாகத் தொடங்கியது.

2024இல் கல்வி அமைச்சு 1,200 ரூபாய் வவுச்சர் கொடுத்தது நினைவிருக்கும், பின்தங்கிய பாடசாலை மாணவிகள் எட்டு இலட்சம் பேருக்கு என்று. நல்ல விஷயம்தான். அதை வைத்து நப்கின் வாங்கலாம். மாற்றுகிற இடத்தை எங்கே வாங்குவது?

வல்லைவெளி

பெண்பிள்ளைகளின் விஷயத்தை இப்படிப் பொதுவெளியில் போட்டு அலசவேண்டுமா? எங்கள் அம்மாக்கள் துணி கட்டித்தான் எங்களைப் பெற்று வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் இவ்வளவு வருத்தமும் இல்லை.

சாவகச்சேரி அம்மம்மா

தம்பி வல்லைவெளி, துணி கட்டியவள் நான்தான், அதனால் நானே சொல்கிறேன். வருத்தம் இல்லாமல் இல்லை. சொல்ல ஆளில்லை.

பழைய சேலையைக் கிழித்து மடித்து வைப்போம். அதைத் தோய்க்கத் தண்ணீர் வேண்டும், சவர்க்காரம் வேண்டும், காயவைக்க வெயில் வேண்டும். வெயிலில் காயவிட்டால் ஆம்பிளைகள் கண்ணில் படும் என்று கோடிப்புறத்துக் கொடியில், வேறு உடுப்புக்கு அடியில் போடுவோம். அரைகுறையாகக் காய்ந்த துணியையே திரும்பக் கட்டி, தொடையெல்லாம் உரஞ்சிப் புண்ணாகும். 95 ஒக்டோபரில் சண்டையால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு வந்தபோது எங்கள் வளவுக்குள் எத்தனை குடும்பம், ஒரு கிணறு, ஒரு கக்கூஸ். அதில் குமர்ப்பிள்ளைகள் எத்தனை பேர். இருட்டும்வரை பொறுத்திருந்துதான் கிணற்றடிக்குப் போவார்கள். அதைப் பெருமையாகச் சொல்ல நான் ஆயத்தமில்லை.

துணி கூடாது என்று சொல்லவரவில்லை. சவர்க்காரம் போட்டு அலசி, நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டால் துணியும் சுத்தம்தான். ஒளித்துக் காயவிடுவதுதான் வினை.

வார்ட்டு அக்கா

தாதியாக வேலை செய்கிறேன். கொக்குவில் அம்மா எழுதியது வார்டில் அடிக்கடி பார்க்கிற கதை. சலத்தை மணிக்கணக்காக அடக்கினால், தண்ணீரும் குடிக்காவிட்டால், கிருமி வெளியேற வழியில்லாமல் சலப்பையிலேயே பெருகும். இந்த வெயிலுக்கு அது கூடுதலாக வரும். நப்கினை நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டும், குறைவாகப் பட்டாலும்கூட. காலை ஏழிலிருந்து மாலை ஆறரை என்பது அதில் இரண்டு மடங்கு. ஈரத்தில் தோல் அவிந்து கடிக்கத் தொடங்கும், பிள்ளை அதையும் சொல்லாது.

கழுவ வெறும் தண்ணீர் போதும். டெற்றோல், வாசனைச் சவர்க்காரம் எதுவும் உள்ளே போடவேண்டாம். நல்ல கிருமியையும் அது கொன்றுவிடும்.

இங்கே வந்திருக்கிற அம்மாக்களுக்கு இன்னும் சில விஷயம். முதல் இரண்டு வருடம் ஒழுங்காக வராது. முட்டை மாதாமாதம் வெளிவரப் பழகும்வரை 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். அதற்குப் பயப்படவேண்டாம். பயப்படவேண்டியது வேறு. ஏழு நாளுக்கு மேல் போகிறது, மணிக்கொருமுறை நப்கின் நனைகிறது, பெரிய பெரிய கட்டியாகப் போகிறது என்றால் காட்டவேண்டும். சில பிள்ளைகளுக்கு இரத்தம் உறையும் தன்மையிலேயே பிறவிக் குறை இருக்கும், முதல் மாதவிடாயில்தான் அது வெளியே தெரியும். 15 வயதாகியும் வரவே இல்லையென்றாலும் காட்டவேண்டும். "பெரியாக்கள் எல்லாருக்கும் பிந்தித்தான் வந்தது" என்று வீட்டில் சொல்லிக்கொண்டு இருக்கவேண்டாம்.

வயிற்றுக்குத்துக்கு மருந்து கொடுத்தால் பிறகு பிள்ளை தங்காது என்ற கதையை யார் கிளப்பிவிட்டார்களோ. கருப்பை சுருங்குவதற்குக் காரணமான புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளைத்தான் மெஃபனமிக் அசிட், ஐபுபுரூஃபன் போன்றவை குறைக்கின்றன. சாப்பிட்ட பிறகு, நோவு தொடங்கும்போதே கொடுத்தால் கேட்கும், சுருண்டு படுத்த பிறகு கொடுத்து "மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்லக்கூடாது. ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருந்தால் டொக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சுடுதண்ணீர்ப் போத்தல் ஒத்தடமும் நல்லது. மருந்து கொடுத்தும் மாதாமாதம் பாடசாலைக்குப் போகமுடியாத நோவு என்றால் அது "பொம்பிளையென்றால் தாங்கவேணும்" என்று விடுகிற நோவு இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்ற காரணம் இருக்கலாம், கிளினிக்கில் காட்டுங்கள்.

உடுவில் தங்கச்சி

அக்கா, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பற்றிச் சொல்லுங்கள். மச்சாள் தன் மகள் பெரியபிள்ளையானதிலிருந்து சடங்குத் தண்ணீர் வார்க்கும்வரை காலையில் அதுதான் கொடுத்தாள். பிள்ளை சத்தி எடுத்தபடி. மீனும் இல்லை, மச்சம் கூடாதாம்.

வார்ட்டு அக்கா

முட்டை நல்லது, அவித்துக் கொடுங்கள். பச்சையாகக் கொடுத்தால் சல்மொனெல்லா கிருமி வரலாம். உழுத்தங்களி அருமையான சாப்பாடு, அதை நிறுத்தவேண்டாம். ஆனால் இரத்தம் போகிற பிள்ளைக்கு மீனை மறிப்பது எந்த நியாயம்? முருங்கையிலை வறை கொடுத்தால் அதில் தேசிக்காய் பிழிந்துவிடுங்கள், இரும்புச்சத்து உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற நம் பழக்கம்தான் அதைச் சேரவிடாமல் செய்கிறது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கட்டும்.

பாடசாலையில் கிழமைக்கொருமுறை கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் வாய்க்காலில் எறிவதும் தெரியும். மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம், அது மாத்திரையால் வருவது.

கணக்கு சேர்

நானும் ஒரு ரியூசன் நடத்துகிறேன், அதனால் எல்லோரும் என் மேல் பாயமுதல் எழுதிவிடுகிறேன்.

காணி வாடகைக்கு எடுத்தது. கிடுகும் தகரமும் போட்ட கொட்டில். கழிப்பறை இரண்டு இருந்தது, ஒன்று பெண்பிள்ளைகளுக்கு. இரண்டு முறை குழி அடைத்தது. கழிவுவண்டி பிடித்து இறைத்தபோது உள்ளே முழுக்க நப்கின். காணிக்காரர் என்னிடம் சத்தம் போட்டார். இதை வகுப்பில் பெண்பிள்ளைகளிடம் நான் எப்படிச் சொல்வது? ஒரு ஆம்பிளை. கடைசியில் அந்தக் கதவைப் பூட்டிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. மாதக் கட்டணத்தைக் கூட்டினால் நீங்களே வேறு இடம் பார்ப்பீர்கள்.

கொக்குவில் அம்மா

மேற்கோள்: "கடைசியில் அந்தக் கதவைப் பூட்டிவிட்டேன்."

சேர், குறை நினைக்கவேண்டாம், நீங்கள் எழுதியதையே திரும்ப வாசியுங்கள். வாளி இல்லை, அதனால் கொமட்டுக்குள் போட்டார்கள். குழி அடைத்தது. அதற்காகக் கதவைப் பூட்டினீர்கள். முதலாவதைச் செய்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது. கழிவுவண்டிக்கு இரண்டு முறை கொடுத்த காசுக்கு எத்தனை வாளி வாங்கலாம்? கணக்கு உங்கள் பாடம்.

நீர்வேலி வாழைத்தோட்டம்

அது கணக்கு.

ஆனால் வாளி வைத்த பிறகுதான் பெரிய பிரச்சினை தொடங்குகிறது. வாளி நிறைந்தால் எங்கே கொண்டுபோவது? நப்கினுக்குள் இருக்கிற உறிஞ்சும் தூள் தண்ணீரைக் குடித்து ஊதும், வெளிப்பக்கம் பிளாஸ்டிக். தாட்டால் உக்காது. எங்கள் வாழைக்குக் கிடங்கு வெட்டும்போது எத்தனை வருடத்துக்கு முன் தாட்டதோ, அப்படியே வருகிறது. வளவுக்குள் எரித்தால், ஈரமானது புகைந்து நாறும், அந்தப் புகையும் நல்லதில்லை. ஒழுங்கையில் பொலித்தீனில் கட்டி எறிந்தால் நாய் இழுத்துவந்து படலையடியில் போடும், அதைப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

நம்முடைய யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக்கல். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, மழை இறங்கி கல்லுக்குள் நிற்கிற தண்ணீரைத்தான் குடிக்கிறோம். குழியில் விழுவதும் அதே கல்லுக்குள்தான் இறங்கும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 50 அடியாவது வேண்டும் என்பார்கள். இரண்டு பரப்புக் காணியில் நான்கு பக்கமும் வீடு இருந்தால் அந்த 50 அடியை எங்கே தேடுவது? குழி அடைத்து நிரம்பி வழிந்தால் அது பெண்பிள்ளைகளின் பிரச்சினையாக மட்டும் நிற்காது, ஒழுங்கையில் எல்லோருடைய கிணற்றுக்கும் வரும்.

ஈஸ்ட்ஹாம் மச்சாள்

லண்டனிலிருந்து எழுதுகிறேன். ஸ்கொட்லாந்தில் 2022 முதல் நப்கின் போன்றவற்றை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் பேசி நப்கினை எரிக்கும் இயந்திரம் ஒன்று வாங்கி அனுப்பலாமா? இல்லையென்றால் நப்கினுக்குப் பதிலாக உடம்புக்குள் வைக்கிற சிலிக்கோன் கப். ஒன்று வாங்கினால் பத்து வருடம்வரை பாவிக்கலாம், குப்பையே இல்லை.

சுன்னாகம் ரீச்சர்

மச்சாள், மனசுக்கு நன்றி. இயந்திரம் வந்தால் திறப்புவிழா நடக்கும், நாடா வெட்டுவார்கள், படம் வரும். ஆறு மாதத்தில் சுருள் எரிந்துபோகும், திருத்த ஆள் வராது, அதற்கு மேல் பழைய கொப்பிகளை அடுக்குவார்கள். காசு அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால் கழிப்பறைக்குக் கொளுக்கி, வாளி, தண்ணீர்க்குழாய், கூட்டுகிற அம்மாவுக்கு மாதச் சம்பளம் என்று அனுப்புங்கள். அதற்கு ஒருவரும் நாடா வெட்டமாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

வார்ட்டு அக்கா

கப் நல்ல பொருள். ஆனால் அதை வெளியே எடுத்து ஊற்றிக் கழுவித் திரும்ப வைக்கவேண்டும். கையும் கழுவவேண்டும். கொளுக்கி இல்லாத, குழாய் இல்லாத கொட்டிலில் 14 வயதுப் பிள்ளை அதை எப்படிச் செய்வாள்? 12 மணித்தியாலம்வரை தாங்கும் என்பதால் காலையில் வீட்டில் வைத்து மாலையில் வீட்டில் எடுக்கலாம், அது உண்மை. ஆனால் அதிகம் படுகிற பிள்ளைக்கு அது நிரம்பிவிடும். கன்னித்தன்மை போய்விடும் என்று வீட்டில் வரும் பயமும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் இடமில்லை, ஆனால் அதைப் பேசித் தீர்க்காமல் பிள்ளையிடம் கப்பைக் கொடுத்தால் அவள்தான் நடுவில் மாட்டுவாள். பிள்ளை தானாக விரும்பினால் கொடுங்கள்.

பயோ மாணவி

நான் ஏஎல் படிக்கிறேன். எல்லோரும் எங்களைப் பற்றி எழுதுகிறீர்கள், அதனால் நானும் எழுதுகிறேன்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்றுதானே கேட்டீர்கள். கறுப்புச் சொப்பிங் பை ஒன்று எப்போதும் புத்தகப்பையின் அடியில் இருக்கும். மாற்றினால் அதைச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவோம். பஸ்ஸில் நெருக்கத்தில் பை மடியில் இருக்கும்போது மணக்குமோ என்று பயமாக இருக்கும். அதைவிட மாற்றாமல் இருப்பது சுகம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். இரண்டு நப்கினை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறவர்களும் உண்டு.

சேர், வாளி வைத்தால் தயவுசெய்து கழிப்பறைக்கு உள்ளே வையுங்கள். ஒரு இடத்தில் வெளியே சுவரோரம் வைத்தார்கள், பெடியள் சைக்கிள் நிறுத்துகிற பக்கம். ஒருவரும் அதில் போடவில்லை. கண்ணாடி போன்ற வாளியும் வேண்டாம். "பெண்கள் கழிவு" என்று எழுதி ஒட்டவும் வேண்டாம். பழைய பத்திரிகைத் தாள் கொஞ்சம் உள்ளே ஆணியில் கொழுவிவிட்டால் சுற்றிப் போடுவோம்.

இன்னொன்று. நாங்கள் கேட்க வெட்கப்படுகிறோம் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். ஒருமுறை கேட்டோம். "இன்னும் இரண்டு மணித்தியாலம் பொறுக்க ஏலாதா" என்று பதில் வந்தது. பிறகு யார் கேட்பார்?

வல்லைவெளி

இது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலும் ஒருத்தி தரம் 8இல் இருக்கிறாள், என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை.

சாவகச்சேரி அம்மம்மா

எப்படிச் சொல்வாள், நீர் முதல் எழுதியதை வாசித்தால்?

உடுவில் தங்கச்சி

இழைக்குச் சற்று விலகிய கேள்வி. ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள். வீட்டில் அம்மம்மா மகளுக்கு மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கச் சொல்கிறார். பாமசியில் டொக்டரின் துண்டு இல்லாமலே கொடுப்பார்களாம். கொடுக்கலாமா?

வார்ட்டு அக்கா

துண்டு இல்லாமல் வாங்கவேண்டாம். நோரெதிஸ்டிரோன் என்ற ஹோர்மோன் அது. வருவதற்கு மூன்று நாள் முன் தொடங்கி ஒவ்வொரு நாளும் போடவேண்டும், நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். பெரியவர்களுக்கே ஒற்றைத் தலையிடி, குடும்பத்தில் இரத்தக்கட்டி வந்த வரலாறு இதெல்லாம் கேட்டுத்தான் எழுதுவார்கள். இப்போதுதான் சுற்று பழகிக்கொண்டிருக்கிற 13 வயதுப் பிள்ளைக்கு எப்போது வரும் என்றே தெரியாதபோது எந்த நாளில் தொடங்குவீர்கள்? முருகன் அடுத்த வருடமும் தேரேறுவார்.

கள உத்தியோகத்தர்

பொதுச் சுகாதாரப் பக்கத்திலிருந்து சுருக்கமாக. ரியூசன் நிலையமானாலும் கழிப்பறை பாவிக்க முடியாத நிலையில் இருந்தால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு முறைப்பாடு கொடுக்கலாம். பரிசோதகர் வந்து பார்ப்பார். ஆனால் அனுபவத்தில் சொல்கிறேன், முறைப்பாடு கடைசிப் படியாக இருக்கட்டும். நாங்கள் போய் எச்சரித்தால் சிலர் பிள்ளைகள் கழிப்பறை பாவிப்பதையே மறித்துவிடுகிறார்கள்.

குப்பை விஷயத்தில், உங்கள் சபை வண்டி எந்த நாள் வருகிறது, எப்படிக் கட்டிக் கொடுத்தால் எடுப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். யாழ் நகரத்துக் குப்பை கல்லுண்டாய்க் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது, அது நல்ல தீர்வு என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் ஒழுங்கையையும் கிணற்றையும் விட அது மேல். நன்றாகச் சுற்றி, தனிப்பையில் கட்டி, வண்டி வரும் காலையில்தான் வெளியே வைக்கவேண்டும்.

ஈஸ்ட்ஹாம் மச்சாள்

சரி, இயந்திரம் வேண்டாம். கூட்டுகிற அம்மாவின் சம்பளத்துக்கு ஒரு வருடத்துக்கு நான் பொறுப்பு. யாருக்கு அனுப்பவேண்டும் என்று உள்பெட்டியில் எழுதுங்கள்.

கணக்கு சேர்

பூட்டைத் திறக்கிறேன். இரண்டு விஷயம் மட்டும். வாளியை யார் எடுப்பது? கூட்டுகிற அம்மா வயதானவர், அவரிடம் நான் கேட்கவே கூச்சமாக இருக்கிறது, மறுத்துவிட்டால் பாதியில் நிற்கும். அடுத்தது, வகுப்பில் இதை யார் சொல்வது? "குழிக்குள் போடவேண்டாம், வாளியில் போடுங்கள்" என்ற ஒரு வசனம்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பயோ மாணவி

சொல்லவே தேவையில்லை சேர். கதவின் உட்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். நானே எழுதித் தருகிறேன்.

கொக்குவில் அம்மா

கூட்டுகிற அம்மாவிடம் நான் வந்து கதைக்கிறேன் சேர். சும்மா கேட்கமுடியாது, கையுறையும் சம்பளத்தில் மேலதிகமும் கொடுத்துத்தான் கேட்கவேண்டும். அவர் விருப்பமில்லை என்றால் அம்மாக்கள் நாங்கள் முறைவைத்து எடுப்போம், எனக்குத் தெரிந்த நான்கு பேர் சம்மதம் சொல்லிவிட்டார்கள். கொளுக்கியை என் கணவர் வாங்கிவிட்டார், ஞாயிறு காலை வகுப்பு தொடங்கமுதல் வந்து பொருத்தித்தருவார். வாளி காலால் மிதித்துத் திறக்கிற வகையா, சாதாரண மூடி வகையா நல்லது? மிதிக்கிறது விலை கூட, ஆனால் கையால் தொடவேண்டியதில்லை.

பயோ மாணவி

மிதிக்கிறது.